யங் வீதியில் முதல் கொண்டோ: குசினியைப் பார்க்க முதல் சத்தத்தைக் கேளுங்கள்

நாங்கள் எங்கள் கொண்டோவை, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்தமாக வாங்கிய வீட்டை, முதன்முதலாகப் பார்க்கப் போனது ஒரு பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. யன்னல்களை இறுக்கிப் பூட்டி, உள்ளே மெல்லிசாக ஒரு பாட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஏழாம் மாடி, ரொறன்ரோவின் யங் வீதியைப் பார்த்தபடி, ஃபிஞ்ச் சப்வேக்கு ஐந்து நிமிட நடை. மனைவி குசினிக் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார், நான் குளிருக்குப் பயந்து பல்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. ஜூன் மாதம் முதல் தடவையாக யன்னலைத் திறந்துவிட்டுப் படுத்த இரவில்தான் எதை வாங்கியிருக்கிறோம் என்று விளங்கியது: சைலன்சரை நோண்டிய மோட்டார்சைக்கிள்கள், பஸ் நின்று கிளம்பும்போது விடும் பெருமூச்சு, விடியப்புறம் கீழே உணவகத்துக் குப்பையை எடுக்க வரும் லொறி பின்னுக்குப் போகும்போது போடும் அந்தப் பீப் பீப்.

விற்றுவிட்டு ஓடவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறோம். கார் இல்லாமலே வாழ்க்கை ஓடுகிறது, இரவு பத்து மணிக்கும் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது, பிள்ளை தனியாகவே நூலகம் போய் வருகிறது. ஆனால் அன்றைக்கு நாலு விஷயம் தெரிந்திருந்தால் அதே கட்டடத்தில் பின்பக்க வீடு ஒன்றை வாங்கியிருப்போம். ரொறன்ரோவில் முதல் வீடு தேடும் நம்மவர்கள் பலருக்கு இப்போது கொண்டோதான் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது, அதிலும் சப்வே ஓரத்துப் பெருவீதிக் கட்டடங்கள்தான் அதிகம் கண்ணில் படும். குசினியை மாற்றலாம், தரையை மாற்றலாம். யன்னலுக்கு வெளியே இருக்கும் வீதியையும் கட்டடத்தின் கணக்கையும் நீங்கள் மாற்ற முடியாது. அதனால் உங்கள் நேரத்தை அந்த இரண்டிலும் செலவழியுங்கள்.

முதலில் காசுக் கணக்கு

வீடு பார்க்கப் போக முதல் இதை முடியுங்கள். பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் மனம் கணக்கைத் தனக்கேற்ற மாதிரி வளைக்கும்.

550,000 டொலர் விலையில் ஒரு கொண்டோ என்று வைப்போம். குறைந்தபட்ச முற்பணம் முதல் 500,000க்கு 5 வீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 10 வீதம். ஆக 25,000 கூட்டல் 5,000, மொத்தம் 30,000. மிச்சம் 520,000 மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவு என்பதால் மோட்கேஜ் காப்புறுதி கட்டாயம். இந்த அளவு கடனுக்கு அது 4 வீதம், அதாவது 20,800 டொலர், அதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். சரி, கையிலிருந்து போகவில்லையே என்று நினைப்பீர்கள். அந்தக் காப்புறுதிக் கட்டணத்தின் மீது ஒன்ராறியோவின் 8 வீத விற்பனை வரி இருக்கிறது, 1,664 டொலர், அதைக் கடனில் சேர்க்க முடியாது, வீடு கைமாறும் நாளில் கையில் இருக்க வேண்டும். எனக்கு இதை யாரும் முன்னமே சொல்லவில்லை, லோயர் அனுப்பிய கடைசிக் கணக்கில்தான் பார்த்தேன்.

அடுத்தது நில மாற்று வரி. ரொறன்ரோ நகருக்குள் வாங்கினால் இரண்டு தடவை கட்ட வேண்டும், மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. 550,000க்கு ஒவ்வொன்றும் 7,475 டொலர். முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் விட்டுக்கொடுக்கும், ஆக நீங்கள் கட்டுவது 6,475. இதே யங் வீதியில் ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே போனால் கிழக்குப் பக்கம் மார்க்கம், மேற்குப் பக்கம் வோன். அங்கே நகர வரி கிடையாது, 3,475தோடு முடிந்துவிடும். ஒரு சந்தியைக் கடப்பதற்கு மூவாயிரம் டொலர் வித்தியாசம். ஆனால் இன்றைக்கு அங்கே சப்வே இல்லை, ஃபிஞ்சிலிருந்து ரிச்மண்ட் ஹில் வரை நீட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்த மாதிரி வேலைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வரிச்சலுகையில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி. 'முதல் வீடு' என்றால் கனடாவில் முதல் வீடு அல்ல, உலகத்தில் எங்குமே நீங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது, ஒரு பங்குகூட. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, கொழும்பில் அண்ணையோடு கூட்டாக வாங்கிய ஃபிளாட், எல்லாம் கணக்கில் வரும். மனைவிக்குச் சீதன வீடு இருந்து, கலியாணத்துக்குப் பிறகும் அது அவர் பெயரிலேயே இருந்தால், கணவருக்கும் சலுகை போய்விடும். "அது ஊர் வீடுதானே, இவங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லித்தரும் ஆட்கள் இருப்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுக்கிறீர்கள், அதை மறக்க வேண்டாம். லோயரிடம் முதல் நாளே உள்ளதைச் சொல்லுங்கள்.

நிரந்தர வதிவுரிமை இன்னும் கிடைக்காதவர்களுக்குக் கதை வேறு. பிரஜையும் இல்லை, நிரந்தர வதிவாளரும் இல்லை என்றால் ஒன்ராறியோவில் 25 வீத மேலதிக வரி, ரொறன்ரோவில் 2025 ஜனவரியிலிருந்து அதற்கு மேல் இன்னொரு 10 வீதம். விலக்குகள் உண்டு, வாங்கவே முடியாத தடைகளும் உண்டு. அந்த நிலையில் இருப்பவர்கள் ஏஜென்டிடம் போக முதல் லோயரிடம் போங்கள்.

சேமிப்புக்கு இரண்டு வழி இருக்கிறது. 2023இல் வந்த முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 8,000 போடலாம், மொத்தம் 40,000 வரை. போடும்போது வருமான வரி குறையும், வீட்டுக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. இன்றைக்குக் காசு இல்லாவிட்டாலும் கணக்கைத் திறந்து வையுங்கள், திறந்த வருடத்திலிருந்துதான் உரிமை சேரும். மற்றது ஆர்.ஆர்.எஸ்.பி. ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 60,000 வரை கடனாக எடுப்பது. அதில் போட்ட காசு எடுக்க முதல் 90 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும், அதனால் கடைசி நேரத்தில் அவசரப்பட்டுப் போடாதீர்கள்.

வங்கி 4 வீத வட்டிக்குக் கடன் தருகிறேன் என்றாலும் 6 வீதத்தில் கட்டமுடியுமா என்றுதான் சோதிக்கும். அதோடு கொண்டோவின் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் பாதியை உங்கள் செலவாக எடுத்துக்கொள்ளும். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 80 சதம் என்றால் 600 சதுர அடிக்கு 480 டொலர். அது ஒருநாளும் முடியாத கடன், கூடிக்கொண்டுதான் போகும். மின்சாரம், தண்ணீர், சூடாக்கல் இதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் எல்லாம் அடங்கியிருக்கும், அதனால் கட்டணம் பெரிதாகத் தெரியும், புதியவற்றில் குறைவாகத் தெரிந்து தனித்தனி பில் வரும்.

வீதியைக் கேட்பது

பெரும்பாலானோர் ஒரு தடவை வீட்டைப் பார்ப்பார்கள், பிடித்துவிட்டால் இரண்டாம் தடவை மாமா மாமியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் நாலு தடவை போங்கள், அதில் இரண்டு தடவைக்கு வீட்டுக்குள்ளேயே போகத் தேவையில்லை. வேலைநாள் காலை எட்டு மணிக்கு கட்டடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். வெள்ளி இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஒருக்கால் போங்கள், கீழே மதுபானச்சாலை இருந்தால் இரண்டு மணிவரை விற்பார்கள், அதற்குப் பிறகுதான் சனம் வாசலில் நின்று கதைக்கும். எங்கள் பக்கம் ஈரானியரும் கொரியரும் நிறைய, உலகக் கிண்ணக் காற்பந்து நடந்தால் வீதி முழுக்கக் கொடியும் ஹோர்னும்தான். எனக்கு அது பிடிக்கும். உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

வீட்டுக்குள் போகும் தடவைகளில், பாட்டுப் போட்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் கதைக்காமல் மூன்று நிமிடம் இருங்கள். ஏஜென்ட் நெளிவார், நெளியட்டும். பிறகு யன்னலைத் திறந்து இன்னும் மூன்று நிமிடம். குளிர்காலத்தில் பார்க்கும் வீடு எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும், பனி சத்தத்தைக் குடித்துவிடும், மோட்டார்சைக்கிள்கள் நிலவறைகளில் தூங்கும். கோடையில் அங்கே எப்படி இருக்கும் என்று லிஃப்டில் வருபவரிடம் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் இப்போது யாராவது அப்படி என்னைக் கேட்டால் நான் உண்மையைச் சொல்வேன்.

மேலே போகப் போகச் சத்தம் குறையும் என்பது அரைவாசிதான் உண்மை. பத்துப் பன்னிரண்டு மாடி ஏறினாலும் நினைக்கும் அளவுக்குக் குறையாது, எதிரே இன்னொரு கோபுரம் நின்றால் சத்தம் அதில் மோதித் திரும்பி வரும். இன்னும் உயரப் போனால் கீழே பஸ்ஸின் சத்தம் மங்கி, தெற்கே 401 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கத் தொடங்கும், கடல் மாதிரி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மாடியைவிடப் பக்கம்தான் முக்கியம். ஒரே கட்டடம், ஒரே மாடி, முன்பக்கத்தில் காது அடைக்கும், பின்பக்கத்தில் குருவிச் சத்தம். எங்கள் பகுதியான நோர்த் யோர்க்கில் யங் வீதிக்குச் சமாந்தரமாகக் கிழக்கே டோரிஸ், மேற்கே பீக்ரொஃப்ட் என்று இரண்டு வீதிகள் போகின்றன. அந்தப் பக்கம் முகம் பார்த்த வீடுகளிலிருந்தும் சப்வேக்கு நடைதூரம்தான். முன்பக்கமே வேண்டும் என்றால் படுக்கையறையாவது மூலைக்குத் தள்ளி இருக்கிறதா பாருங்கள்.

பின்பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. குப்பை லொறி வரும் இடம், கீழே உணவகத்தின் புகைபோக்கி, நிலக்கீழ் கார்த்தரிப்பின் கதவு, இவை பெரும்பாலும் பின்பக்கம்தான். தீயணைப்பு நிலையமும் ஆஸ்பத்திரியும் எங்கே என்று வரைபடத்தில் ஒருக்கால் பாருங்கள். சந்தியில் இருக்கும் வீடு என்றால் பார்வையற்றோருக்காக ஒலிக்கும் சமிக்ஞை விளக்கும் இருக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனால் மூன்றாம் மாடியில் படுப்பவருக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

யன்னல் கதை கொஞ்சம் நீளம். நகர்த்தித் திறக்கும் பல்கனிக் கதவுதான் சத்தத்துக்குப் பெரிய ஓட்டை, பூட்டிய பிறகு விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள், காற்று வந்தால் சத்தமும் வரும். "வாங்கிய பிறகு நல்ல கண்ணாடி போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலான கொண்டோக்களில் யன்னலும் வெளிக்கதவும் பொதுச் சொத்து, நிர்வாகசபையின் அனுமதி இல்லாமல் தொட முடியாது.

அப்புறம் சூடாக்கல். இது யாருமே கேட்காத கேள்வி, ஆனால் பெருவீதியில் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது. பல கட்டடங்களில் ஒரே குழாய்த் தொகுதியில்தான் குளிர்காலத்தில் சுடுதண்ணீரும் கோடையில் குளிர்தண்ணீரும் ஓடும், வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை முழுக் கட்டடத்துக்கும் சேர்த்து மாற்றுவார்கள். மே மாதம் திடீரென்று 28 பாகை வெயில் அடிக்கும், கட்டடம் இன்னும் சூடாக்கலில் இருக்கும், உங்களுக்குக் குளிரூட்டி கிடையாது. யன்னலைத் திறந்தால் யங் வீதி முழுக்கப் படுக்கையில், மூடினால் அவிச்சல். எந்த நேரத்திலும் இரண்டும் கிடைக்கும் கட்டடமா, அல்லது மாற்றும்வரை காத்திருக்கும் கட்டடமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குசினியையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி ஒன்றுக்குள்ளால் எடுத்துத் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறதா? சின்னக் கொண்டோக்களில் இரண்டாவது வகையும் நிறைய இருக்கிறது. வீதிச் சத்தத்துக்காக யன்னலைப் பூட்டி வைத்திருக்கும் வீட்டில் செத்தல் மிளகாய் வறுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. புகைமணி அடிக்கும். அவசரத்துக்கு நடைபாதைக் கதவைத் திறந்துவிட்டீர்களோ, மாடி முழுக்க அடிக்கும். விசிறியைப் போட்டுவிட்டு ஒரு கடதாசியை விசிறியின் மேல் விளிம்புக்குப் பிடியுங்கள், காற்று முகத்தில் அடித்தால் அது வெளியே போகவில்லை.

எதிரே இருக்கும் வெறுங்காணி

இன்றைய சத்தத்தை மட்டும் கேட்டால் போதாது. எதிரே பழைய ஒற்றைமாடிக் கடைத்தொகுதி, முன்னால் கார் நிறுத்தும் இடம், அதற்கு மேலால் சூரியன் மறைவது தெரிகிறது, அழகான காட்சி. யங் வீதியில் அப்படிப்பட்ட காணி என்றால் அது நாளைக்கு எழும்பப்போகும் கோபுரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போட்டிருந்தால் காணியிலேயே நகரசபையின் அறிவிப்புப் பலகை நிற்கும், நகரசபை இணையத்தளத்தில் அபிவிருத்தி விண்ணப்பங்களின் வரைபடமும் இருக்கிறது. உங்கள் கட்டடத்தைச் சுற்றி ஐந்நூறு மீற்றருக்குள் என்னென்ன இருக்கிறது என்று அரைமணித்தியாலம் செலவழித்துப் பாருங்கள். எந்த ஏஜென்டும் உங்களுக்காக இதைச் செய்து நான் கண்டதில்லை.

கட்டட வேலைச் சத்தத்துக்கு விதி உண்டு: வேலைநாட்களில் காலை 7 முதல் இரவு 7 வரை, சனிக்கிழமை 9 முதல் 7 வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. ஆனால் விதிவிலக்கு வாங்கிக்கொண்டு இரவில் வேலை செய்வதும் நடக்கும், முக்கியமாகப் போக்குவரத்துத் திட்டங்களில். அந்தத் திட்டங்கள் சொன்ன காலத்தில் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். எக்ளின்ரன் வீதியில் 2011இல் தொடங்கிய ரயில் வேலை 2020இல் முடியும் என்றார்கள். அந்த வருடம் போய்ப் பல வருடங்கள் இழுபட்டது, கரையில் இருந்த கடைக்காரர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். நகர மையத்தில் குயின் வீதியின் ஒரு துண்டை ஒன்ராறியோ லைன் என்ற புது சப்வேயின் நிலையத்துக்காக 2023 மே மாதம் மூடினார்கள், மூடும்போதே நாலரை வருடம் என்று சொல்லித்தான் மூடினார்கள். "சப்வே வரப்போகுது, விலை ஏறும்" என்று ஒருவர் சொன்னால் ஏறலாம், சரி, அதுவரை அந்தக் குழிக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று கேளுங்கள்.

கட்டடத்தின் கணக்கு

இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சத்தத்துக்குப் பழகிக்கொள்ளலாம், கட்டடத்தின் பெரிய செலவுக்குக் காசு போதாமல் ஒவ்வொரு வீட்டிடமும் கேட்கும் இருபதாயிரம் டொலர் விசேட அறவீட்டுக்குப் பழக முடியாது.

கொண்டோ வாங்குவது என்றால் உங்கள் நாலு சுவரை மட்டுமல்ல, கூரை, லிஃப்ட், நிலக்கீழ் கார்த்தரிப்பு, நீச்சல் தடாகம் எல்லாவற்றிலும் ஒரு பங்கை வாங்குகிறீர்கள். அவற்றின் நிலைமையைச் சொல்லும் பத்திரம்தான் ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட். ஒன்ராறியோ கொண்டோச் சட்டப்படி யார் கேட்டாலும் நிர்வாகம் பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், வரியோடு சேர்த்து நூறு டொலருக்கு மேல் கேட்க முடியாது. கட்டடத்தின் பிரகடனம், துணைவிதிகள், வரவுசெலவுத் திட்டம், பெரிய திருத்த வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கும் ரிசேர்வ் ஃபண்டில் எவ்வளவு காசு, வழக்குகள், விற்பவர் வைத்திருக்கும் பாக்கி எல்லாம் அதில் வரும்.

லோயர் வாசிப்பார், அது அவர் வேலை. ஆனால் நீங்களும் ஒரு இரவு இருந்து வாசியுங்கள், ஏனென்றால் லோயர் சட்டப் பிரச்சினையைத் தேடுவார், உங்கள் வாழ்க்கைப் பிரச்சினையை அல்ல. நான் பார்க்கச் சொல்வது இவைதான். ரிசேர்வ் ஃபண்ட் ஆய்வை மூன்று வருடத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்க வேண்டும். அடுத்த பெரிய செலவு என்ன, எந்த வருடம், அதற்குக் காசு இருக்கிறதா? யன்னல் மாற்றும் திட்டம் அதில் இருக்கிறதா? பெருவீதியில் வாங்குபவருக்கு அது நல்ல செய்தியும்தான் கெட்ட செய்தியும்தான். கட்டணம் கடந்த வருடங்களில் எவ்வளவு கூடியது? பல வருடமாகக் கூடாமலே இருந்தால் சந்தோசப்படாதீர்கள், யாரோ செலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், அது உங்கள் தலையில் விழலாம். எத்தனை வீடுகள் வாடகைக்கு விடப்பட்டிருக்கின்றன? நாய், தரை, குறுகியகால வாடகை பற்றிய விதிகள் என்ன?

நோர்த் யோர்க்கில் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதற்குப் பிந்திய பத்து வருடத்திலும் எழும்பிய கட்டடங்கள் நிறைய. அந்தக் காலக் கட்டடம் என்றால் கிட்டெக் என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருங்கள். 1995 முதல் 2007 வரை தயாரிக்கப்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர்க்குழாய், செம்மஞ்சளும் நீலமுமாக இருக்கும், பித்தளை இணைப்புகள் அரித்து வெடிக்கும் பழக்கம் உள்ளது. வட அமெரிக்கா முழுக்க வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார்கள், ஆனால் கோரிக்கை வைக்கும் காலம் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போது மாற்றுவது உங்கள் காசில். அது மாற்றியாகிவிட்டதா, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்; இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

விளம்பரத்தில் விற்பவர் போட்டிருக்கும் சதுர அடி பெரும்பாலும் 600–699 என்கிற மாதிரி வீச்சாகத்தான் இருக்கும். எழுநூறுக்குக் கிட்ட என்று நினைத்து வாங்கி, அளந்து பார்த்தால் 610. அளவுநாடா கொண்டு போங்கள். கார்த்தரிப்பிடம் சொந்தமா, பாவிக்கும் உரிமை மட்டுமா என்பதையும் லோயரிடம் கேளுங்கள்.

விலை சொல்வதும் கையெழுத்தும்

நம்ம சனத்தில் வீட்டுக்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறார், சிலவேளை இரண்டு. சித்தப்பாவின் மகனிடம் வாங்காவிட்டால் அடுத்த பிறந்தநாள் விழாவில் முகம் கொடுக்க முடியாது. வாங்குங்கள், பரவாயில்லை, ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பகுதியில், இந்த வகைக் கட்டடத்தில் எத்தனை விற்றிருக்கிறார், நிபந்தனை இல்லாமல் விலை சொல்லச் சொல்வாரா? இரண்டாவதுக்கு "ஓம்" என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். எங்கள் ஏஜென்ட் சொந்தம் இல்லை, அவர்கூட, "பின்பக்கம் ஒன்று அடுத்த கிழமை வருது, பொறுங்கோ" என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் விலையோடு இரண்டு நிபந்தனை கட்டாயம் இருக்க வேண்டும்: கடன் கிடைப்பது, ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட்டை லோயர் பார்த்துத் திருப்திப்படுவது. விற்பவர் ஏற்றுக்கொண்டால் வழக்கமாக ஒரு நாளுக்குள் விலையில் 5 வீதமளவு வைப்புப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தக் காசு எடுக்க முடியாத இடத்தில் முடங்கிக் கிடக்கக் கூடாது. வீடு கைமாற முதல் இரண்டு தடவை வந்து பார்க்கும் உரிமையையும் எழுதச் சொல்லுங்கள். பெருவீதி பார்த்த வீட்டுக்குப் பின்பக்க வீட்டின் விலையைக் கொடுக்காதீர்கள். அதே கட்டடத்தில் கடந்த ஒரு வருடத்தில் இரண்டு பக்கமும் என்ன விலைக்குப் போனது என்று ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள், பேரம் பேச அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. நீங்கள் விற்கும்போது அடுத்தவர் அதையே உங்களிடம் செய்வார்.

இன்னும் கட்டாத கொண்டோவை வரைபடத்தில் பார்த்து வாங்கலாமா என்று கேட்கிறார்கள். முதல் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். ஒப்பந்தம் போட்ட பின் பத்து நாளுக்குள் மனம் மாறலாம் என்பது உண்மைதான், ஆனால் கட்டாத வீட்டில் போய் நின்று யன்னலைத் திறந்து கேட்க முடியாது. விலை உச்சத்தில் இருந்தபோது ஒப்பந்தம் போட்டு, கட்டி முடியும்போது வங்கி அதைவிடக் குறைத்து மதிப்பிட்டு, இடைவெளியை எங்கே தேடுவது என்று அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

குடிபோன பிறகு

கட்டில் தலைமாட்டை யன்னல் பக்கம் வைக்காதீர்கள். தடித்த திரை, தரையில் பெரிய கம்பளம், வீதிப்பக்கச் சுவரில் புத்தக அலமாரி, இவை சத்தத்தை நிறுத்தாது, அறைக்குள் எதிரொலிப்பதை அடக்கும். கதவு விளிம்புக்கு ரப்பர்ப் பட்டி இருபது டொலரில் கிடைக்கும், நாங்கள் செய்தவற்றில் கூடப் பலன் தந்தது அதுதான். பல்கனியில் உடுப்புக் காயப்போடும் யோசனையை விடுங்கள், விதி இருக்கிறதோ இல்லையோ, கிழமைக்கு ஒருக்கால் கைப்பிடியைத் துடைத்தால் துணி கறுப்பாகும், அதே தூசிதான் உடுப்பிலும் படியும். வீட்டுக்காரர் காப்புறுதியை எடுக்கும்போது கட்டடத்தின் காப்புறுதிக் கழிவுத்தொகை, அதாவது சேதம் நடந்தால் காப்புறுதி கொடுக்க முதல் கட்டடம் தானே கட்ட வேண்டிய தொகை, எவ்வளவு என்று சொல்லி எடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை உங்களிடம் வரலாம்.

சாவி கிடைக்கும் தேதி தெரிந்த அன்றே நிர்வாகத்துக்கு எழுதி சாமான் ஏற்றும் லிஃப்டைப் பதிவு செய்யுங்கள். மாதக் கடைசி நாளுக்குப் போட்டி அதிகம், வைப்புப் பணமும் கேட்பார்கள். லொறிக்காரரிடம் பின்பக்கம் சாமான் இறக்கும் வாசலின் விலாசத்தைக் கொடுங்கள். எங்கள் லொறிக்காரர் முன்வாசலில், மாலை நேரத்து யங் வீதியில், அவசர விளக்கைப் போட்டுவிட்டு நிறுத்தினார். சோபாவை இறக்கி முடிக்க முதலே அபராதச் சீட்டு எழுதிவிட்டார்கள், பின்னால் நின்ற பஸ் அடித்த ஹோர்ன் ஏழாம் மாடியில் கதவு மூடியிருந்தும் கேட்டதாக மனைவி சொன்னார்.